மூன்று திங்கள்

டிசம்பர் முப்பத்தொன்று.
மொந்தெவிதேயோவின் பழைய நகரில்
நண்பகலானதும் அலுவலகச் சன்னல்கள் திறக்கும்,
கிழித்த காலண்டர்கள் தெருவெங்கும் இறங்கும்.
முடிந்த ஆண்டை இப்படித்தான் கொட்டுவோம் நாங்கள்:
பேருந்தின் கூரையில் ஏப்ரல்,
ஒரு நாயின் வாயில் செப்டம்பரின் மூன்றாம் வாரம்.

அன்று மாலை நான்கு மணிக்கு
வாஷிங்டன் ஒலிவேரா சிறைக்குள் போனான்.
செம்புக் கம்பித் திருட்டு. மூன்று மாதம்.
நீதிபதி சொன்னது அவ்வளவுதான்.
எத்தனை நாள் என்று சொல்லவில்லை.
அதை எண்ணுவது என் வேலை.

நான் நெலிதா பெந்தாங்கோர்.
சிறைத்துறையின் கணினிப் பிரிவு,
மூன்றாம் மாடி, மின்விசிறி ஓடாத அறை.
வெளியேறும் தேதி சொல்லும் நிரல் என்னுடையது.
தேதிகளுக்கென்று மொழியோடு கூடவே வரும்
நூலகம் ஒன்றுண்டு. தூசி இல்லாத நூலகம்.
முகம் தெரியாத யாரோ பொறுமையாக எழுதிவைத்தது:
தேதியோடு மாதத்தைக் கூட்டு,
அந்த மாதத்தில் முப்பத்தொன்று இல்லையென்றால்
இருக்கும் கடைசி நாளில் நில்.
குறிப்பில் சின்ன எழுத்தில் ஒரு வரி:
கூட்டிய வழியே கழித்துத் திரும்பினால்
புறப்பட்ட இடம் வந்துசேராமல் போகலாம்.
படித்தேன். தலையாட்டினேன்.
மாத்தேயில் வெந்நீர் ஊற்றிக்கொண்டே மறந்தேன்.

ஒவ்வொரு மாதமாக ஏறும் சுற்று ஒன்றை எழுதினேன்.
ஜனவரி முப்பத்தொன்று. சரி.
பிப்ரவரியில் தலை இடிக்கிறது, இருபத்தெட்டு.
அங்கிருந்து மார்ச் இருபத்தெட்டு.
குட்டை மாதத்தில் குனிந்தவன்
நெட்டை மாதத்திலும் நிமிரவில்லை.
ஒரே எட்டில் மூன்றையும் தாண்டியிருந்தால்
மார்ச் முப்பத்தொன்று.

எனக்கு இது தெரியாது, அவன் தங்கை செனோபியா
தொலைபேசியில் கூப்பிடும் வரை.
"காகிதத்தில் இருபத்தெட்டு.
அண்ணன் முட்டியை மடக்கி எண்ணுகிறான்.
சுண்டுவிரல் இறைச்சி ஆலையிலேயே போய்விட்டது,
அவனுக்கு ஜூலை மொட்டை.
மார்ச் நடுவிரலில் பத்திரமாக இருக்கிறதாம்.
முப்பத்தொன்று என்கிறான். யார் சொல்வது சரி?"

"காகிதம்" என்றேன்.

அன்றிரவே பிழை கிடைத்தது.
திருத்த இரண்டு வரி போதும்.
சோதனை ஓட்டினேன், பச்சை விளக்கு.
முட்டியில் எண்ணியவன்தான் சரி.
அனுப்பும் பொத்தானின் மேல் விரல்.
அழுத்தினால் ஒருவனுக்கு மூன்று நாள் கூடும்.

எழுந்து ஆற்றங்கரைக்கு நடந்தேன்.
கடல் என்றே நாங்கள் கூப்பிடும் ஆறு அது,
எதிர்க்கரை தெரியாது.
ஜூன் ஒன்றில் உள்ளே போனவனுக்கு
இதே மூன்று மாதம் தொண்ணூற்றிரண்டு நாள்.
இவனுக்குத் தொண்ணூறு.
அதைப் பிழை என்று யாரும் முறையிட்டதில்லை,
சட்டம் அதைத் தேதி என்று அழைக்கிறது.
தண்ணீரின் மேல் நிலா, அரைகுறையாக.
மாதம் என்ற சொல்லை விட்டு
அது வெளியேறி வெகுநாளாகிறது,
விடுதலைத் தேதியை யாரிடமும் கேட்காமல்.

மார்ச் இருபத்தெட்டு. ஒன்பது மணிக்குக் கதவு.
ஒன்பது இருபதுக்குத் திருத்தத்தை அனுப்பினேன்.
விளக்கக் குறிப்பில் எழுதியது:
மாதங்கள் இனி ஒருசேரக் கூட்டப்படும்.
எழுதாதது இருபது நிமிடம், அதற்கு முந்தைய நான்கு நாள்.
நல்லதா என்று கேட்காதீர்கள்,
அதற்கான செயற்கூறு நூலகத்தில் இல்லை.

ஏப்ரலில் செனோபியா மறுபடி அழைத்தாள்.
வீட்டுக்கு வந்த அண்ணன்
சமையலறை நாற்காலியை விட்டு எழவில்லையாம்.
திரைச்சீலையை இழுத்துவிட்டு
மூன்று நாள் சீட்டாடினானாம், தனியாக.
"கணக்கு எனக்குத் தெரியும்,
யாராவது வந்து கேட்டால் நான் இங்கே இருக்கிறேன்."

முப்பத்தொன்றாம் தேதி மாலை நான்கு மணிக்குச்
சட்டையை மாற்றிக்கொண்டு
ரொட்டி வாங்கத் தெருவில் இறங்கியிருக்கிறான்.